‘டிஸ்கஸ் அபவுட்’ ஏன் தப்பு? சொல், கேள், பேசு வகை ஆங்கில வினைகளும் ப்ரெபொசிஷனும்

#1 பச்சைமை
கீழே உள்ளது ஒரு அலுவலக மெயில் வரைவு. பொருள் புரிகிறது, ஆனால் படிக்கும்போது ஏதோ இடறுகிறது. எங்கே ப்ரெபொசிஷன் (டு, ஃபார், அபவுட் மாதிரிச் சொல்) கூடுதல், எங்கே விட்டுப்போயிருக்கிறது?

‘டியர் சார், ஆஸ் ஐ டோல்ட் டு யூ யெஸ்டர்டே, வீ டிஸ்கஸ்ட் அபவுட் த டெலிவரி டேட் வித் த கஸ்டமர். ஹீ டோல்ட் தட் ஹீ வில் ரிப்ளை அஸ் பை ஃப்ரைடே. ஐ ரிக்வெஸ்ட் ஃபார் டூ மோர் டேஸ். ப்ளீஸ் இன்ஃபார்ம் டு த ஸ்டோர்ஸ் டீம் அண்ட் எக்ஸ்ப்ளெயின் தெம் த ரீஸன்.’

இதற்கு விதி ஏதாவது உண்டா, இல்லை ஒவ்வொன்றாக மனப்பாடம்தானா?

#2 செந்திருத்தி
ஏழு இடம்.

‘டோல்ட் டு யூ’ என்பதில் டு வேண்டாம். ‘டிஸ்கஸ்ட் அபவுட்’ என்பதில் அபவுட் வேண்டாம். ‘ஹீ டோல்ட் தட்’ என்பதில் வினையையே மாற்றணும்: ‘ஹீ ஸெட் தட்’. டெல் போட்டால் யாரிடம் என்பது ஒட்டிக்கொண்டே வரணும், ‘ஹீ டோல்ட் அஸ் தட்’ என்று. ‘ரிப்ளை அஸ்’ என்பதில் டு விட்டுப்போச்சு. ‘ரிக்வெஸ்ட் ஃபார்’ என்பதில் ஃபார் வேண்டாம். ‘இன்ஃபார்ம் டு’ என்பதில் டு வேண்டாம். ‘எக்ஸ்ப்ளெயின் தெம் த ரீஸன்’ என்பது ‘எக்ஸ்ப்ளெயின் த ரீஸன் டு தெம்’.

ஐந்து இடத்தில் வெட்டும் மாற்றமும், இரண்டு இடத்தில் சேர்ப்பு. கணக்கைக் கவனியுங்கள். நம் ஆட்கள் ப்ரெபொசிஷனை விடுவதைவிட அதிகமாகப் போடுவதுதான் வழக்கம்.

(‘வில் ரிப்ளை’ என்பது ‘வுட் ரிப்ளை’ ஆகணுமா என்று யாராவது வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லை என்றால் வில் இருக்கட்டும்.)

#3 பச்சைமை
நன்றி சார். ஆனால் குழப்பம் இன்னும் இருக்கு. தமிழில் ‘அவரிடம் சொன்னேன்’, ‘அவரிடம் விளக்கினேன்’, ‘அவரிடம் தெரிவித்தேன்’, எல்லாவற்றுக்கும் ஒரே ‘இடம்’. ஆங்கிலத்தில் ஒன்றுக்கு டு வருது, இன்னொன்றுக்கு வரலை. இது எதை வைத்து?

#4 இலக்கணத்தச்சன்
கேள்வியிலேயே பதில் பாதி இருக்கு. தமிழில் பேச்சு வினைகளில் பெரும்பாலும் ஆளுக்கு ‘இடம்’ அல்லது ‘கிட்ட’, விஷயத்துக்கு ‘பற்றி’. அந்த இரண்டையும் டு, அபவுட் என்று மனசு தானாக மாற்றிக்கொள்கிறது. ஆங்கில வினை அப்படிப் பொதுவாக நடக்காது. பெரும்பாலான வினைகள் ஒரு நாற்காலியை மட்டும் பக்கத்தில் போட்டு வைத்திருக்கும். அதில் உட்காருவது ஆளா, விஷயமா என்பதுதான் கேள்வி. உட்கார்ந்தவருக்கு ப்ரெபொசிஷன் கிடையாது. மற்றவர் பெரும்பாலும் ப்ரெபொசிஷனைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கணும்.

ஆளை உட்கார வைப்பவை: டெல், ஆஸ்க், இன்ஃபார்ம், நோட்டிஃபை, ரிமைண்ட், வார்ன், அட்வைஸ், அஷ்யூர், கன்வின்ஸ், தேங்க், அக்யூஸ். ‘இன்ஃபார்ம் த மேனேஜர்’ என்று ஆள் நேராக வந்துவிட்டார். விஷயம் நிற்கிறது, அதனால் ‘இன்ஃபார்ம் த மேனேஜர் ஆஃப் த டிலே’ அல்லது ‘அபவுட் த டிலே’. தேங்க் என்றால் ஃபார், கங்கிராஜுலேட் என்றால் ஆன். அக்யூஸுக்கு எப்போதும் ஆஃப்தான், ஆனால் போலீஸ் வழக்குப் பதிவதைச் சொல்லும் சார்ஜுக்கு வித்: ‘அக்யூஸ்ட் ஆஃப் தெஃப்ட்’, ‘சார்ஜ்ட் வித் தெஃப்ட்’. செய்தித்தாளில் இந்த இரண்டும் அடிக்கடி கலந்துபோகும்.

விஷயத்தை உட்கார வைப்பவை: ஸே, எக்ஸ்ப்ளெயின், டிஸ்க்ரைப், மென்ஷன், சஜெஸ்ட், அனவுன்ஸ், ரிபீட், ப்ரபோஸ். இங்கே ஆளுக்கு டு. ‘டிஸ்கஸ்’ இந்தக் கூட்டம்தான், ஆனால் ஆளுக்கு டு இல்லை, வித். ‘டிஸ்க்ரைப் அபவுட்’, ‘மென்ஷன் அபவுட்’ இரண்டும் தவறுவது இதனால்தான். விஷயம் ஏற்கெனவே நாற்காலியில் இருக்கு, அதுக்கு மறுபடி அபவுட் எதுக்கு?

மூன்றாவது கூட்டம் நாற்காலியே போடாது: ஸ்பீக், டாக், ரிப்ளை, கம்ப்ளெயின், அபாலஜைஸ், கமெண்ட், ஆப்ஜெக்ட், ரெஃபர். ஆளும் நிற்கணும், விஷயமும் நிற்கணும். ‘கம்ப்ளெயின் டு த வார்டன் அபவுட் த ஃபுட்’. ‘அபாலஜைஸ் டு ஹெர் ஃபார் த மிஸ்டேக்’. ‘ஆப்ஜெக்ட் டு த ப்ளான்’. ‘கமெண்ட் ஆன் த ரிப்போர்ட்’.

எந்த வினை எந்தக் கூட்டம் என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை உண்டு. ஆளை எழுவாயாக்கி, செயப்பாட்டு வினையில் சொல்லிப் பாருங்கள். ‘ஐ வாஸ் டோல்ட்’ ஒட்டுகிறது. ‘ஐ வாஸ் இன்ஃபார்ம்ட்’, ‘ஐ வாஸ் வார்ன்ட்’ ஒட்டுகிறது. அப்படியென்றால் ஆளுக்கு ப்ரெபொசிஷன் இல்லை. ‘ஐ வாஸ் எக்ஸ்ப்ளெயின்ட்’, ‘ஐ வாஸ் சஜெஸ்டட்’, ‘ஐ வாஸ் மென்ஷன்ட் தட்’ ஒட்டாது. அங்கே டு போடுங்கள்.

#5 கடலோரக்_கவி
தச்சன் சார், சோதனை நன்று. ஆனால் ஓட்டை இருக்கு. ‘ஹீ இஸ் ஸெட் டு பி ரிச்’ என்கிறோமே, அங்கே ஆள்தானே எழுவாய்? அப்போ ஸேயும் முதல் கூட்டமா?

#6 இலக்கணத்தச்சன்
நல்ல கேள்வி. அந்த வாக்கியத்தில் ‘அவனிடம்’ யாரும் எதுவும் சொல்லவில்லை. ‘அவன் பணக்காரன் என்று சொல்கிறார்கள்’ என்பதுதான் பொருள். அவனே அங்கே விஷயம். சோதனையில் எழுவாயாக்க வேண்டியது கேட்கும் ஆளை, பேசப்படும் ஆளை அல்ல. மென்ஷனுக்கும் இதே எச்சரிக்கை: ‘ஐ வாஸ் மென்ஷன்ட் இன் த ரிப்போர்ட்’ என்றால் என் பெயர் அதில் வந்தது என்று பொருள். அது சரியான வாக்கியம்தான்.

இன்னொன்று. மூன்றாம் கூட்டத்தில் ப்ரெபொசிஷன் வினையோடு ஒட்டியே செயப்பாட்டுக்கும் போகும்: ‘ஐ வாஸ் ஸ்போக்கன் டு ரூட்லி’. கடைசி டு தொங்குவது போலத் தெரிந்தாலும் அதை எடுக்கக் கூடாது.

தமிழிலும் உருபு மாறினால் பொருள் மாறும் என்பதை மறக்க வேண்டாம். ‘அவனிடம் சொன்னேன்’ ஒன்று, ‘அவனைச் சொன்னேன்’ வேறொன்று. ‘என்னை ஏன் சொல்றே?’ என்றால் குறை சொல்வது. நமக்கு இது யாரும் கற்றுத்தராமலே வந்துவிட்டது. ஆங்கிலத்தில் அதையே வயது போன பிறகு எழுதிவைத்துக் கற்கிறோம், அவ்வளவுதான்.

#7 வேர்ச்சொல்_வெறியன்
இதுக்கு எளிய விதி இருக்கே. டெல், ஆஸ்க் எல்லாம் பழைய ஆங்கிலச் சொற்கள், ஆளை நேராக எடுக்கும். எக்ஸ்ப்ளெயின், டிஸ்க்ரைப், சஜெஸ்ட், அனவுன்ஸ் எல்லாம் லத்தீன், ஃப்ரெஞ்சு வழியாக வந்தவை, டு கேட்கும். வேரைப் பார்த்தால் போதும்.

#8 செந்திருத்தி
போதாது. ஸே பழைய ஆங்கிலம்தான், டு கேட்கிறது. இன்ஃபார்ம், அட்வைஸ், அஷ்யூர் மூன்றும் ஃப்ரெஞ்சு வழி வந்தவை, ஆளை நேராக எடுக்கின்றன. இரண்டு பக்கமும் விதிவிலக்கு இருக்கும்போது, தேர்வுக்கு முன்னாடி ராத்திரி இதை நம்பி உட்காரக் கூடாது.

ஆனால் வேர் தெரிந்தால் நினைவில் நிற்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். டிஸ்கஸ் என்பதன் லத்தீன் மூலத்துக்கு உலுக்கிப் பிரிப்பது என்று பொருள். ஒரு பொருளை உலுக்குவோம், அதைப் ‘பற்றி’ உலுக்க மாட்டோம். ஆன்ஸரின் பழைய வடிவத்தில் முன்னாலிருந்த ‘அண்ட்’ என்ற ஒட்டுக்கு ‘எதிராக’ என்று பொருள். எதிர் என்பது உள்ளேயே இருப்பதால் ‘ஆன்ஸர் த கொஸ்டின்’ போதும் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். ரிப்ளைக்கு அந்த வசதி இல்லை, அதுக்கு டு வேணும்.

#9 வேர்ச்சொல்_வெறியன்
சரி, விதியை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் டெல்லின் பழைய பொருள் எண்ணுவது என்பதைச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது. பேங்க் டெல்லர் இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்.

#10 நூலிழை
தச்சன் சார் சொன்னது தமிழிலிருந்து வரும் பிழை. ரிக்வெஸ்ட் ஃபார் அந்த வழியில் வரவில்லை. அது ஆங்கிலத்துக்குள்ளேயே நடக்கும் விபத்து: பெயர்ச்சொல்லின் ப்ரெபொசிஷன் வினையில் ஒட்டிக்கொள்வது.

‘எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ சரி. அதைப் பத்து வருஷம் லீவ் லெட்டரில் பார்த்துப் பழகிய கை, வினையாக எழுதும்போதும் ‘ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ என்று போகிறது. முன்னால் எ, த, மை, ஹிஸ் ஏதாவது நின்றால் அது பெயர், ப்ரெபொசிஷன் இருக்கட்டும். ஐ, வீ, தே நின்றால் வினை, வெட்டுங்கள். இந்த ஒரு பார்வையில் பெரும்பாலானவை பிடிபடும்.

இதே பாதையில் விழுபவை: ‘எ டிமாண்ட் ஃபார் பே’, ஆனால் ‘தே டிமாண்டட் மோர் பே’. ‘அன் ஆர்டர் ஃபார் டூ காஃபீஸ்’, ஆனால் ‘வீ ஆர்டர்ட் டூ காஃபீஸ்’. ‘எ டிஸ்கஷன் அபவுட் சேலரி’, ஆனால் ‘வீ டிஸ்கஸ்ட் சேலரி’. ‘அன் ஆன்ஸர் டு த லெட்டர்’, ஆனால் ‘ஆன்ஸர்ட் த லெட்டர்’. ‘எம்ஃபஸிஸ் ஆன் சேஃப்டி’, ஆனால் ‘எம்ஃபஸைஸ்ட் சேஃப்டி’. கடைசியது படித்தவர்களின் பிழை. மேடையில் ‘ஐ வுட் லைக் டு எம்ஃபஸைஸ் ஆன்’ என்று கேட்காத கருத்தரங்கு குறைவு. ‘ஸ்ட்ரெஸ் ஆன்’ அதன் தம்பி.

கம்ப்ளெயின்ட் கொஞ்சம் வேறு. ‘எ கம்ப்ளெயின்ட் அகெய்ன்ஸ்ட் த கான்ட்ராக்டர்’ சரி, காவல் நிலையத்திலும் அப்படித்தான் எழுதுவார்கள். வினையாகும்போது ‘கம்ப்ளெயின் அகெய்ன்ஸ்ட்’ வேண்டாம், ‘கம்ப்ளெயின் அபவுட் த கான்ட்ராக்டர்’ என்று எழுதுங்கள்.

#11 பச்சைமை
அப்போ ‘ஆஸ்க் ஃபார்’ மட்டும் எப்படிச் சரி? அதிலும் ஆஸ்க் வினைதானே?

#12 நூலிழை
ஆஸ்குக்கு இங்கே தனி நாற்காலி வேணும். நம்ம ‘கேள்’ மூன்று வேலை செய்கிறது: விடை கேட்பது, பொருள் கேட்பது, காதால் கேட்பது. ஆங்கிலம் இந்த மூன்றையும் பிரித்து வைத்திருக்கு.

விடை கேட்டால் சும்மா ஆஸ்க். பொருளோ உதவியோ கேட்டால் ஆஸ்க் ஃபார். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ‘ஹீ ஆஸ்க்ட் த டைம்’ என்றால் மணி என்ன என்று கேட்டான். ‘ஹீ ஆஸ்க்ட் ஃபார் டைம்’ என்றால் அவகாசம் கேட்டான். கடன் கொடுத்தவரிடம் முதலாவதைச் சொன்னால் கடிகாரத்தைக் காட்டுவார்.

ஆள் எப்போதும் ஆஸ்குக்கு அடுத்து நேராக: ‘ஆஸ்க் ஹிம் ஃபார் த கீ’. ‘ஆஸ்க் டு ஹிம்’, ‘ஆஸ்க் வித் ஹிம்’ இரண்டும் ‘அவனிடம்’, ‘அவன்கிட்ட’ என்பதன் நிழல். ‘ஆஸ்க் ஃபார் ஹிம்’ என்று எழுதினால் தப்பில்லை, ஆனால் பொருள் மாறிப்போகும்: வாசலில் வந்து அவனைக் கூப்பிடச் சொல்வது. ‘ஆஸ்க் ஆஃப்டர் ஹிம்’ என்றால் நலம் விசாரிப்பது.

காதால் கேட்பது லிஸன், அதுக்கு டு கட்டாயம். ‘லிஸன் மீ’ என்பது ‘நான் சொல்றதைக் கேள்’ என்பதிலிருந்து நேராக விழுந்தது.

#13 கடலோரக்_கவி
இரண்டு ப்ரெபொசிஷனும் சரியாக இருந்து பொருள் மட்டும் மாறும் இடங்களைப் பற்றி யாரும் சொல்லலையே. தேர்வில் அதைத்தான் கேட்கிறார்கள்.

#14 இலக்கணத்தச்சன்
முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

‘கம்ப்ளெயின் அபவுட்’ என்றால் குறை சொல்வது. ‘கம்ப்ளெயின் ஆஃப்’ என்றால் பெரும்பாலும் உடம்புக்கு என்ன செய்கிறது என்று சொல்வது. மருத்துவமனைக் குறிப்பில் ‘த பேஷன்ட் கம்ப்ளெயின்ட் ஆஃப் செஸ்ட் பெய்ன்’ என்று இருந்தால் நோயாளி யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. நெஞ்சுவலி என்று சொன்னார்.

‘ரிமைண்ட் மீ அபவுட் த மீட்டிங்’ என்றால் மறக்காமல் ஞாபகப்படுத்து. ‘யூ ரிமைண்ட் மீ ஆஃப் மை ஃபாதர்’ என்றால் உன்னைப் பார்த்தால் அப்பா ஞாபகம் வருது. இரண்டாவதில் அபவுட் போட்டால் அப்பாவுக்கு ஃபோன் போடச் சொல்லும் தொனி வந்துவிடும்.

‘ஷௌட் டு’ என்றால் தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி கத்துவது. ‘ஷௌட் அட்’ என்றால் அவர்மேல் கத்துவது. கோபம் அட்டில்தான் இருக்கு. த்ரோவுக்கும் அதே கதை: பந்தை ‘டு’ போட்டால் பிடிப்பார், ‘அட்’ போட்டால் குனிவார்.

ஆன்ஸருக்கு வினையாக டு வராது என்றோம். ஒரு பொருளில் வரும்: ‘ஷீ ஆன்ஸர்ஸ் டு த டைரக்டர்’ என்றால் அவர் டைரக்டருக்குக் கீழே, பதில் சொல்லக் கடமைப்பட்டவர். ‘ஆன்ஸர் ஃபார்’ என்றால் செய்ததுக்குப் பொறுப்பேற்பது.

அக்ரீக்கு மூன்று வழி. ஆளோடு, கருத்தோடு ஒத்துப்போனால் வித். எதிரே வைத்த திட்டத்துக்குச் சம்மதித்தால் டு. நாலு பேர் கூடி ஒரு முடிவுக்கு வந்தால் ஆன். ‘அக்ரீட் டு த ப்ரைஸ்’ என்றால் அவர் சொன்ன விலைக்கு நான் தலையாட்டினேன், ‘அக்ரீட் ஆன் எ ப்ரைஸ்’ என்றால் இருவரும் பேரம் பேசி ஒரு விலைக்கு வந்தோம்.

ப்ளேம் மட்டும் நாற்காலி மாற்றிக்கொள்ளும் வினை. ‘ப்ளேம் ஹிம் ஃபார் த டிலே’ என்றால் ஆள் உட்கார்ந்தார். ‘ப்ளேம் த டிலே ஆன் ஹிம்’ என்றால் விஷயம் உட்கார்ந்தது. பொருள் ஒன்றேதான்.

ஸ்பீக் டு, ஸ்பீக் வித் பற்றி நீளமாகச் சண்டை போடுவார்கள். இரண்டும் சரி, வித் அமெரிக்காவில் கூடுதலாகக் கேட்கும். மொழியின் பெயருக்கு மட்டும் கவனம்: தெரியும் என்றால் ‘ஷீ ஸ்பீக்ஸ் தெலுகு’. கூட்டத்தில் எந்த மொழியில் பேசினார் என்றால் ‘ஷீ ஸ்போக் இன் தெலுகு’.

#15 திண்ணைப்_பேச்சு
இவ்வளவு கறார் எதுக்கு? டிஸ்கஸ் அபவுட் என்று சொன்னால் யாருக்குப் புரியாமல் போச்சு? நைஜீரியாவிலும் சிங்கப்பூரிலும் இதே மாதிரிதான் பேசுகிறார்கள். அது நம்ம ஆங்கிலம் என்று வைத்துக்கொள்ளலாமே.

#16 செந்திருத்தி
பேச்சில் வைத்துக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவரை நிறுத்தி அபவுட்டைப் பிடுங்குவது அநாகரிகம் என்பதுதான் என் கட்சியும்.

இதில் இயற்கை நியதி எதுவும் இல்லை என்பதும் உண்மை. பிரிட்டனில் ‘ரைட் டு மீ’ என்பார்கள், அமெரிக்காவில் ‘ரைட் மீ’ செல்லும். பிரிட்டனில் ‘ப்ரொடெஸ்ட் அகெய்ன்ஸ்ட் த டிஸிஷன்’, அமெரிக்காவில் ‘ப்ரொடெஸ்ட் த டிஸிஷன்’. நீதிமன்ற மேல்முறையீட்டுக்கும் அப்படியே: பிரிட்டனில் ‘அப்பீல் அகெய்ன்ஸ்ட்’, அமெரிக்காவில் வெறும் ‘அப்பீல்’. ஆனால் டிஸ்கஸ் அபவுட்டை இந்த இரண்டு பக்கத்துத் திருத்துநரும் ஏற்க மாட்டார். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் ஜெனரல் பிரிவில் முதல் எழுத்துப் பணியே குறைந்தது 150 சொல்லில் ஒரு கடிதம். புகார், மன்னிப்பு, வேண்டுகோள் மாதிரித் தலைப்பு அடிக்கடி வரும். அப்போது அந்தப் பக்கம் முழுக்கக் கம்ப்ளெயின், அபாலஜைஸ், ரிக்வெஸ்ட், இன்ஃபார்ம் வினைகள்தான். அங்கே போய் நம்ம ஆங்கிலம் என்று வாதாடினால் மதிப்பெண் குறையும்.

#17 திண்ணைப்_பேச்சு
அது நியாயம். ஆனால் ‘சஜெஸ்ட் மீ எ குட் ஹோட்டல்’ என்பதை விடச் சொல்லாதீங்க, நாக்கு கேட்காது.

#18 நூலிழை
நாக்குக்கு ஒரு மாற்று தருகிறேன். ‘கேன் யூ சஜெஸ்ட் எ குட் ஹோட்டல்?’ என்று கேளுங்கள். எனக்குத்தான் என்பது கேட்கும்போதே தெரியும், மீ தேவையே இல்லை. ரெகமெண்ட் கொஞ்சம் தளர்வு, ‘ரெகமெண்ட் மீ எ டாக்டர்’ என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களிலேயே சிலர் சொல்வார்கள். எழுத்தில் அதற்கும் ‘ரெகமெண்ட் எ டாக்டர் டு மீ’.

#19 கடலோரக்_கவி
ஒரு சின்னச் சந்தேகம். எக்ஸ்ப்ளெயினில் விஷயம் நீளமாக இருந்தால்? ‘எக்ஸ்ப்ளெயின் வை த லாரி குட் நாட் லீவ் த யார்ட் பிஃபோர் சிக்ஸ் டு தெம்’ என்று எழுதினால் அந்த டு தெம் வாலில் தொங்குது.

#20 இலக்கணத்தச்சன்
வாலை முன்னால் கொண்டுவரணும். விஷயம் ஒரு முழு வாக்கியமாக நீண்டால் டு தெம் வினைக்கு அடுத்தே வந்துவிடும்: ‘எக்ஸ்ப்ளெயின் டு தெம் வை த லாரி குட் நாட் லீவ்’. இடம் மாறினாலும் டு போகாது. முன்னால் வந்ததும் டு காணாமல் போவதுதான் நிறைய பேர் செய்யும் பிழை. ஸே, சஜெஸ்ட், மென்ஷன் எல்லாவற்றுக்கும் இதே: ‘ஐ சஜெஸ்டட் டு ஹிம் தட் வீ வெய்ட்’.

#21 பச்சைமை
எல்லாருக்கும் நன்றி. வாடிக்கையாளரோடு பேசிய பிறகு அனுப்ப வேண்டிய அடுத்த மெயிலையும் எழுதிவிட்டேன், பாருங்கள்:

‘வீ எக்ஸ்ப்ளெயின்ட் டு த கஸ்டமர் வை த லாரி வாஸ் லேட் அண்ட் அபாலஜைஸ்ட் டு ஹிம் ஃபார் இட். ஹீ ஆஸ்க்ட் அஸ் ஃபார் எ நியூ டேட். வீ டிஸ்கஸ்ட் இட் வித் ஸ்டோர்ஸ் அண்ட் அஷ்யூர்ட் டு ஹிம் தட் த கூட்ஸ் வில் அரைவ் பை மண்டே. ப்ளீஸ் ரிப்ளை டு திஸ் மெயில்.’

#22 செந்திருத்தி
ஒரு இடம். நீங்களே பிடியுங்கள்.

#23 பச்சைமை
‘ஹீ வாஸ் அஷ்யூர்ட்’ ஒட்டுகிறது. அப்போ டு வேண்டாம், ‘அஷ்யூர்ட் ஹிம் தட்’. மாற்றிவிட்டேன், அனுப்புகிறேன்.